விக்டோரியா காலக் கடற்படையில் இருந்த முன்னோரைத் தேடுவது எப்படி?

பிரிட்டிஷ் கடற்படையின் கிழக்கிந்தியப் பிரிவுக்குத் தளமாக இருந்த துறைமுகம் திருகோணமலை. அங்கே வந்துபோன கப்பல்களைப் பற்றிப் படிக்கப் போய்த்தான் நான் இந்தப் பழைய பதிவேடுகளுக்குள் நுழைந்தேன். உங்கள் குடும்பத்திலோ நண்பரின் குடும்பத்திலோ ராயல் நேவியில் வேலை பார்த்த கொள்ளுத்தாத்தா ஒருவர் இருந்தால், அவரைத் தேடும் வழியை இங்கே சொல்கிறேன். பெரும்பாலும் சாதாரண மாலுமிகளைப் பற்றித்தான். அதிகாரிகளுக்குப் புத்தகங்களும் படங்களும் உண்டு. மாலுமிக்கு இந்தப் பதிவேட்டை விட்டால் வேறு நாதியில்லை.

முதல் வேலை, வீட்டைத் துழாவுவது. பழைய பதக்கம் இருந்தால் அதன் விளிம்பைப் பாருங்கள். பல பதக்கங்களில் பெயர், பதவி, கப்பல் பெயர் மூன்றும் பொறித்திருக்கும். திருமணச் சான்றிதழில் தொழில் என்ன என்று பாருங்கள். “கப்பலில் இருந்தார்” என்பதை மட்டும் வைத்துக் கடற்படை என்று முடிவு கட்ட வேண்டாம். வணிகக் கப்பல் மாலுமிகளின் ஆவணங்கள் வேறு. கடற்படையோடு சேர்ந்த படைவீரர்களான ராயல் மரைன்களுக்கும் தனிப் பதிவேடுகள்.

அடுத்தது, அவர் சேர்ந்த ஆண்டைத் தோராயமாகக் கணிப்பது. தேடலின் போக்கை முடிவு செய்வது இந்த ஆண்டுதான். ஆவணங்கள் லண்டன் கியூவில் உள்ள பிரிட்டிஷ் தேசிய ஆவணக்காப்பகத்தில் இருக்கின்றன. கடற்படையை நிர்வகித்த அலுவலகமான அட்மிரால்டியின் சுருக்கமான ‘ஏ.டி.எம்.’ என்ற எழுத்துகளும் ஓர் எண்ணும் சேர்ந்ததுதான் ஒவ்வொரு தொகுதியின் பெயர்.

1873 முதல் சேர்ந்தவர் என்றால் ஏ.டி.எம். 188. 1853க்கும் 1872க்கும் இடையில் என்றால் ஏ.டி.எம். 139. 1853க்கு முன்பு மாலுமிகளைக் கப்பல் கப்பலாகத்தான் வேலைக்கு எடுத்தார்கள். ஒரு பயணம் முடிந்ததும் கணக்குத் தீர்த்து அனுப்பிவிடுவார்கள். அதனால் ஓர் ஆளின் முழுச் சேவையையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கும் பழக்கம் இல்லை. 1853இல் பத்தாண்டு தொடர் சேவை வந்த பிறகுதான் ஆளுக்கொரு எண்ணும் பதிவும் வந்தன. அதற்கு முந்தையவரைத் தேட, கப்பலின் பெயர் தெரிந்தே ஆக வேண்டும். தெரிந்தால் அந்தக் கப்பலின் ஆள்கணக்குப் புத்தகத்தில் வயதோடும் பிறந்த ஊரோடும் அவர் கிடைக்கலாம். ஓய்வூதியம் கேட்டு விண்ணப்பித்தவராக இருந்தால் ஏ.டி.எம். 29ஐயும் பாருங்கள். அதிகாரி என்றால் ஏ.டி.எம். 196.

சரி, இப்போது தேடலாம். ஆவணக்காப்பகத்தின் ‘டிஸ்கவரி’ என்ற இணையப் பட்டியலில் பெயரையும் தொகுதி எண்ணையும் கொடுங்கள். தேடுவதற்குக் கட்டணம் இல்லை. ஒரே பெயரில் ஐம்பது பேர் வந்து நிற்பார்கள். பிறந்த ஊரை வைத்துக் கழித்துக்கொண்டே வாருங்கள். பிறந்த தேதி ஒன்றிரண்டு வருடம் தள்ளியிருந்தால் “இவர் இல்லை” என்று ஒதுக்கிவிடாதீர்கள். கடற்படையில் சேரும் ஆசையில் வயதைக் கூட்டிச் சொன்ன பையன்கள் பலர்.

பக்கம் கிடைத்துவிட்டால் அவசரப்படாமல் படியுங்கள். உயரம், முடியின் நிறம், கண்ணின் நிறம், தழும்பு, பச்சை குத்திய அடையாளம் எல்லாம் அதில் இருக்கும். புகைப்படமே இல்லாத குடும்பத்துக்கு, அவர் முகத்துக்கு மிக அருகில் வருவது இந்த நாலு சொல்தான். ‘வி.ஜி.’ என்பது மிக நல்ல நடத்தை. ‘ரன்’ என்றால் கப்பலை விட்டு ஓடிப்போனவர். ‘டி.டி.’ என்றால் பணியில் இருக்கும்போதே இறந்தவர். கப்பல் பெயர் ‘விக்டோரியா’, தேதி 1893 ஜூன் 22, எதிரில் ‘டி.டி.’ என்று இருந்தால் விளக்கமே வேண்டாம். அன்று லெபனானின் திரிப்போலிக்கு அருகே, பயிற்சியின்போது ‘கேம்பர்டவுன்’ என்ற இன்னொரு போர்க்கப்பல் மோதி ‘விக்டோரியா’ மூழ்கியது. 358 பேர் இறந்தார்கள்.

கப்பல் பெயர்களில்தான் பலர் வழுக்கி விழுகிறார்கள். ‘டியூக் ஆஃப் வெலிங்டன்’ என்ற பெயரைப் பார்த்ததும் பெரிய போர்க்கப்பலில் உலகம் சுற்றினார் என்று நினைத்துவிடுவோம். 1854இல் பால்டிக் கடலுக்குப் போன கப்பல்தான் அது. ஆனால் 1860களிலேயே போர்ட்ஸ்மவுத் துறைமுகத்தில் நிலையாக நிறுத்திவிட்டார்கள். அடுத்த கப்பலுக்குக் காத்திருப்பவர்கள் தங்கும் இடமாகிவிட்டது. ‘இம்ப்ரெக்னபிள்’, ‘கேஞ்சஸ்’, ‘செயின்ட் வின்சென்ட்’ எல்லாம் பையன்களுக்கான பயிற்சிக் கப்பல்கள். எனவே ஒவ்வொரு பெயருக்கும் எதிரில் உள்ள தேதிகளைப் பார்த்து, அந்த ஆண்டில் அந்தக் கப்பல் எங்கே நின்றது என்று தனியாகத் தேடுங்கள்.

இடையில் சந்தேகம் வந்தால் பிரிட்டனின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு கைகொடுக்கும். வெளிநாட்டுக் கடலில் இருந்த கடற்படைக் கப்பல்களையும் முறையாகச் சேர்த்தது 1861 முதல்தான்.

அப்புறம், முடிந்தால் கப்பலின் நாளேட்டையும் பாருங்கள், அது ஏ.டி.எம். 53. மூலப் பிரதியைப் பார்க்க கியூவுக்கு நேரில் போய் வாசகர் அட்டை வாங்க வேண்டும். நாளேட்டில் உங்கள் கொள்ளுத்தாத்தாவின் பெயர் பெரும்பாலும் இருக்காது. ஆனால் அவர் அந்தக் கப்பலில் இருந்த ஒவ்வொரு நாளும் காற்று எந்தப் பக்கமிருந்து அடித்தது, கப்பல் எங்கே நின்றது என்பதெல்லாம் மணிவாரியாக எழுதியிருக்கும்.