ஒரு ஓவியரைப் படிப்பது எப்படி: மலையகத்துச் சித்திர மாணவர்களுக்கு

முதலில் போனைத் திறந்து நீங்கள் சேமித்து வைத்திருக்கிற படங்களைப் பாருங்கள். முந்நூறு படம் இருக்கும், வரைந்தவர் பெயர் தெரிந்தது பத்துக்கூடத் தேறாது. இன்ஸ்டாகிராமில் படம் வந்து விழும், ஆளைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஹட்டனிலோ தலவாக்கலையிலோ பண்டாரவளையிலோ இருந்து ஏ.எல்.லுக்குச் சித்திரம் படிக்கிறவர்கள் ஒரு நல்ல கண்காட்சி பார்க்கக் கொழும்புக்குப் போகவேண்டியிருக்கிறது, அதனால் போனில் பார்ப்பதில் தப்பே இல்லை. ஆனால் ஆள் யார், எதற்காக வரைந்தார் என்று தெரியாமல் படத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் கைக்கு வருவது பெரிய கண்ணும் கூர்த் தாடையும் நீல நிழலும் தான். அதைத் தான் நிறையப் பேர் ஸ்டைல் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஒரு தவணைக்கு ஒரு ஓவியர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த மூன்று மாதமும் வேறு ஆள் பக்கம் போகாதீர்கள். நிறைய அச்சில் வந்தவராகவும், எந்தப் பத்திரிகைக்கு, எந்தப் பேனாவில், எவ்வளவு அவசரத்தில் வரைந்தார் என்று கொஞ்சமாவது தெரிந்துகொள்ளக்கூடியவராகவும் இருந்தால் நல்லது.

உதாரணத்துக்கு சில்பியை எடுப்போம். 1919இல் நாமக்கல்லில் பிறந்தவர், சொந்தப் பெயர் ஸ்ரீனிவாசன், 1983இல் காலமானார். ஆனந்த விகடனில் ‘தென்னாட்டுச் செல்வங்கள்’ தொடருக்காகக் கோயில் கோயிலாகப் போய், சிலைக்கு முன்னால் உட்கார்ந்து வரைந்தவர். அவருடைய படத்தைப் பார்த்ததும் "அப்பா, எத்தனை கோடு!" என்று தான் தோன்றும். ஏன் அத்தனை கோடு என்று யோசித்தால் தான் பாடம் தொடங்குகிறது. அன்றைய வாரப் பத்திரிகை மலிவான தாளில் உலோக பிளாக் வைத்து அடித்தது. அந்தத் தாளில் மெல்லிய சாம்பல் சாயல்கள் கலங்கிப் போகும், கறுப்பு மசிக் கோடு தெளிவாக நிற்கும். ஆகவே நிழல் வேண்டுமானால் கோட்டை நெருக்கிப் போடவேண்டும், வெளிச்சம் வேண்டுமானால் தாளை அப்படியே விட்டுவிடவேண்டும். நாம் அழகு என்று ரசிக்கிற பாதி விஷயம் அச்சகத்துத் தொல்லைக்குக் கண்டுபிடித்த வழி. இது தெரிந்த பிறகு அவருடைய கோட்டை நகலெடுப்பதைவிட, அவர் முன்னால் இருந்த சிக்கலை உங்கள் மேசைக்குக் கொண்டுவருவது சுலபம்.

எப்படி என்றால், ஒரு படத்தைக் கொமினிகேஷன் கடையில் கொடுத்து ஏ4இல் பெரிதாகப் பிரதி எடுங்கள். முழுப் படமும் வேண்டாம், ஒரு கை, ஒரு முழங்கால், உள்ளங்கை அளவு இடம் போதும். அதன் மேல் மெல்லிய தாளை வைத்து ஒருமுறை கோடு கோடாகப் பின்தொடருங்கள். கோடு எந்தப் பக்கம் வளைகிறது, எங்கே நின்றுவிடுகிறது, எந்த இடத்தில் ஒன்றுமே போடாமல் விட்டிருக்கிறார் என்று கைக்குத் தெரியவேண்டும், கண்ணுக்குத் தெரிந்தால் போதாது. அப்புறம் அந்தத் தாளை மூடி வைத்துவிட்டு, அதே கறுப்புப் பேனாவில் லயத்துக் கூரைத் தகரத்தை வரையுங்கள். தகரத்தின் மேடு பள்ளம், துரு ஏறிய விளிம்பு, காற்றுக்குத் தூக்காமல் இருக்க மேலே வைத்திருக்கிற கல், எல்லாவற்றுக்கும் உங்களிடம் இருப்பது கோடும் வெள்ளைத் தாளும் மட்டும். பென்சிலால் தேய்த்து நிழல் போடுகிற பழக்கம் இருந்தால் முதல் நாள் எரிச்சலாக இருக்கும். அந்த எரிச்சல் நல்லது, சீ.ஆர். கொப்பி ஒன்றை இதற்கென்றே ஒதுக்கி வையுங்கள்.

இதற்கு நேரெதிரான ஒருவரை அடுத்த தவணைக்கு எடுங்கள். இங்கிலாந்தின் சிறுவர் புத்தக ஓவியர் குவென்டின் பிளேக் சரியான ஆள். அவருடைய படங்கள் அவசரத்தில் கிறுக்கியது போலத் தெரியும், ஆனால் அவர் முதலில் ஒரு ரஃப் போட்டு, அதை லைட் பாக்ஸில் (அடியில் விளக்கு எரிகிற கண்ணாடிப் பெட்டி) வைத்து, மேலே வேறு தாளை வைத்துப் பேனாவால் புதிதாக வரைகிறவர். அடியில் இருப்பதை அச்சுப் பிசகாமல் இழுப்பதில்லை, எது எங்கே வரவேண்டும் என்று பார்த்துக்கொள்ள மட்டும் அது. அந்தச் ‘சும்மா கிறுக்கல்’ திட்டம் போட்டுச் செய்தது. லைட் பாக்ஸ் வாங்கக் காசு செலவழிக்காதீர்கள், ஜன்னல் கண்ணாடி போதும். வெயில் வேண்டும் என்பதால் நுவரெலியாப் பிள்ளைகளுக்கு மட்டும் கொஞ்சம் சிரமம், கண்ணாடித் துண்டுக்கு அடியில் போன் டார்ச்சைப் போட்டுச் சமாளிக்கலாம்.

கோட்டை எப்படிப் போடுவது என்று இந்த இருவரிடமும் படிக்கலாம், ஆனால் எதை வரைவது என்பதை உங்கள் கண்ணால் பார்த்துத் தான் தெரிந்துகொள்ளவேண்டும். கொழுந்து பறிக்கிற பெண்ணின் படம் என்று தேடிப் பாருங்கள், தேயிலைப் பெட்டியிலும் சுற்றுலா விளம்பரத்திலும் கூடை ஸ்கூல் பேக் மாதிரி தோளில் தொங்கும், அந்த அக்கா கேமராவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருப்பார். நம் வீட்டில் யாராவது கூடை சுமந்திருந்தால் தெரியும், கயிறு தலைக்கு மேலே போகிறது, அதற்கு அடியில் மடித்த துணி இருக்கிறது, கொழுந்து நிறைய நிறையக் கழுத்து முன்னால் போகிறது, இரண்டு கையும் தேயிலை வாதுக்கு மேலே வேலையில் இருப்பதால் முகம் கீழே தான் பார்க்கும். இடுப்பில் கட்டிய படங்கு முழங்காலில் உரசி நனைந்திருக்கும். இப்போது சில இடங்களில் கூடைக்குப் பதில் சாக்கு வந்துவிட்டது, அப்படியென்றால் பாரம் விழுகிற இடமும் மாறும், அதையும் பார்த்து வரையுங்கள். வெளியூர் ஓவியர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் இந்தக் கழுத்தை அவர் உங்களிடம் கேட்டுத் தான் வரையவேண்டும். ஹட்டனைச் சேர்ந்த ஹனுஷா சோமசுந்தரம் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கலை படித்துவிட்டு, தேயிலைக் கறையையும் தேயிலைப் பையையும் வைத்தே தோட்டத்து வாழ்க்கையைப் பற்றிப் படைப்புகள் செய்திருக்கிறார். அவருடைய வேலைகளைத் தேடிப் பாருங்கள், பொருள் எங்கிருந்து வருகிறது என்பதற்கு அதைவிடப் பக்கத்தில் உதாரணம் கிடைக்காது.

சரி, தொழில் பக்கம் வருவோம். வீட்டில் "சித்திரம் படித்து என்ன செய்யப் போகிறாய்?" என்று கேட்பார்கள், நியாயமான கேள்வி தான். பதில் வேண்டுமானால் நீங்கள் எடுத்த ஓவியருக்கு முதலில் காசு கொடுத்தது யார், அதற்கு முன் அவர் என்ன செய்துகொண்டிருந்தார், படம் வரையாத நேரத்தில் சாப்பாடு எங்கிருந்து வந்தது என்று தேடி எழுதுங்கள். விருது விவரம் எதற்கும் உதவாது. அமெரிக்கச் சிறுவர் புத்தக ஓவியர் எரிக் கார்ல் முதலில் விளம்பரத் துறையில் இருந்தவர், அவர் விளம்பரத்துக்குச் செய்த ஒரு சிவப்பு சிங்க இறாலைப் பார்த்துத் தான் ஓர் எழுத்தாளர் சிறுவர் புத்தகத்துக்கு அவரைத் தேடி வந்தார். இங்கிலாந்தின் பியட்ரிக்ஸ் பாட்டர் எழுதி வரைந்த முயல் கதையைப் பதிப்பகங்கள் வேண்டாம் என்றதும் 1901இல் அவரே 250 பிரதி அடித்தார், அடுத்த வருடம் ஒரு பதிப்பகம் எடுத்துக்கொண்டது. தமிழ்நாட்டு ஓவியர் கோபுலு பத்திரிகையில் பெரிய பெயர் எடுத்த பிறகு விளம்பரத் துறைக்குப் போனார். நம் நாட்டின் சிபில் வெத்தசிங்க பத்திரிகைகளில் வரைந்து வரைந்து தான் சிறுவர் புத்தகங்களுக்கு வந்தார். குவென்டின் பிளேக் கேம்பிரிட்ஜில் படித்தது ஆங்கில இலக்கியம், பிறகு நெடுநாள் ஓவியக் கல்லூரியில் ஆசிரியராகவும் இருந்தார். ஒருவரும் ஒரே கதவு வழியாக வரவில்லை, ஏறக்குறைய எல்லோரும் பக்கத்தில் இன்னொரு வேலை வைத்திருந்தார்கள்.

இங்கே அந்தப் பக்கத்து வேலைகள் என்னென்ன என்று பார்த்தால் திருமண அழைப்பிதழ், கோயில் சுவர், முன்பள்ளிச் சுவர், தொண்டு நிறுவனங்களின் சுகாதாரக் கையேடு, சின்னத் தேயிலைக் கடைகளின் பொதி, கவிதைத் தொகுப்புக்கு அட்டை. கேவலமாக நினைக்காதீர்கள், ஆனால் இலவசமாகவும் செய்து கொடுக்காதீர்கள். அட்டைப்படங்களைப் படிக்க ‘நூலகம்’ (noolaham.org) என்ற இணையத்தளம் இருக்கிறது, இலங்கைத் தமிழ்ப் புத்தகங்களும் சஞ்சிகைகளும் பல்லாண்டு அளவுக்கு இலவசமாகக் கிடைக்கின்றன. உள்பக்கத்தில் ‘அட்டைப்படம்’ என்று போட்டிருக்கும் பெயர்களைக் குறித்து வையுங்கள், அவர்களில் சிலர் இன்றும் வேலை செய்கிறார்கள்.

பயிற்சிக்குப் பிரதி எடுப்பதில் யாருக்கும் நட்டமில்லை. பேஸ்புக்கில் போடும்போது ‘சில்பியின் படத்தைப் பார்த்து வரைந்தது’ என்று எழுதுங்கள், விற்க நினைக்காதீர்கள். இலங்கையின் 2003ஆம் ஆண்டுப் புலமைச் சொத்துச் சட்டப்படி பதிப்புரிமை படைத்தவர் இறந்து 70 ஆண்டுவரை இருக்கிறது.

உயிரோடு இருக்கிற ஓவியருக்கு எழுதுவதென்றால் "அண்ணா, டிப்ஸ் சொல்லுங்க" என்று மெசேஜ் போடாதீர்கள், பதில் வராது, வந்தாலும் பயனிருக்காது. அவருடைய ஒரு படத்தைக் குறிப்பிட்டு, "இந்த அட்டைக்கு முதலில் எத்தனை ரஃப் காட்டினீர்கள், பதிப்பாளர் எதை மாற்றச் சொன்னார்?" என்பது போல ஐந்து நிமிடத்தில் பதில் எழுதக்கூடிய ஒரே கேள்வி கேளுங்கள். உங்கள் படம் ஒன்றையும் சேர்த்து அனுப்பலாம், இருபது அனுப்பக்கூடாது. பதில் வராவிட்டால் இரண்டு வாரம் கழித்து ஒரு தடவை ஞாபகப்படுத்துங்கள், அதற்கு மேல் தொந்தரவு செய்யவேண்டாம், அடுத்த பெயருக்கு எழுதுங்கள்.