பழைய பத்மினிக்கு இன்சூரன்ஸ்: நான் சரிசெய்த விதம்

என் 1994 பிரீமியர் பத்மினி காரின் பாலிசியைப் புதுப்பிக்கப் போனபோது கம்ப்யூட்டர் காட்டிய ஐடிவி, அதாவது வண்டி திருடுபோனாலோ முழுசாக நொறுங்கினாலோ கிடைக்கும் தொகை, காயலான் கடை விலைதான். "பழைய வண்டி சார், அவ்வளவுதான் வரும்" என்றார் ஏஜெண்ட். ஆனால் வண்டி பழசாகப் பழசாக மதிப்பு எவ்வளவு குறையும் என்று சொல்லும் தேய்மான அட்டவணை 5 வருடத்தோடு முடிந்துவிடுகிறது. அதற்கு மேல் மதிப்பை நாமும் நிறுவனமும் பேசித்தான் முடிவு செய்ய வேண்டும். புகைப்படங்கள், எஞ்சின் வேலை பில்கள், ஒரு சர்வேயரின் (வண்டியின் மதிப்பையும் சேதத்தையும் கணக்கிடுபவர்) மதிப்பீடு எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு கிளை மேலாளரிடமே பேசினேன். கேட்டதில் முக்கால்வாசி கிடைத்தது.

பெரிய தலைவலி, வண்டியை காஸில் ஓட்டுவதற்கான எல்பிஜி கிட். முந்தைய உரிமையாளர் மாட்டியது. ஆர்சியிலோ 'பெட்ரோல்' என்றே இருந்தது. நாளைக்குத் தீ விபத்து என்று க்ளெய்ம் போனால் சர்வேயர் முதலில் பார்ப்பது அதைத்தான். முதலில் ஆர்டிஓவில் எரிபொருள் மாற்றத்தை ஆர்சியில் ஏற்றினேன், அப்புறம் பாலிசியில் சேர்த்தேன். கூடுதல் செலவு கிட் விலையில் 4 சதவீதம், மூன்றாம் நபர் பொறுப்புக்கு, அதாவது நம் வண்டியால் மற்றவர்களுக்கு ஆகும் சேதத்துக்கு, 60 ரூபாய். இதை மிச்சம் பிடிப்பவர்களை எனக்குப் புரியவில்லை! ஸ்டீரியோவையும் தனியாக மதிப்புப் போட்டு எழுத வைத்தேன்.

ஒன்றை மட்டும் சரிசெய்ய முடியவில்லை. 10 வருடம் தாண்டிய வண்டி என்றால் பழுதுக்கான க்ளெய்மில் உலோகப் பாகங்களின் விலையில் பாதியைக் கழித்துவிடுவார்கள். தேய்மானம் கழிக்காமல் முழு விலையும் தரும் ஆட்-ஆன் (பாலிசியோடு கூடுதலாக வாங்கும் பாதுகாப்பு) இவ்வளவு பழைய வண்டிக்குக் கேட்டும் கிடைக்கவில்லை. அதனால் பானெட், மட்கார்டு எங்கேயாவது மலிவாகக் கிடைத்தால் வாங்கி வைத்துவிடுகிறேன்.