நட்ட காட்டுக்குள் குளிர்ச்சி திரும்பிவிட்டதா? சென்சார் வைத்து அளக்கும் முறை

வால்பாறையில் தேயிலை எஸ்டேட்டுகளுக்கு நடுவே மழைக்காடு துண்டு துண்டாக மிஞ்சி நிற்கிறது. அவற்றில் சிதைந்துபோன இடங்களில் நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் என்ற இயற்கைப் பாதுகாப்பு அமைப்பின் குழுவினர் 2000-களின் தொடக்கத்திலிருந்து உண்ணிச்செடியை அகற்றிவிட்டு, அந்த மண்ணுக்கே உரிய மரங்களை நட்டு வருகிறார்கள். மரம் உயர்ந்ததைக் கண்ணால் பார்க்கலாம். அதன் அடியில் காட்டின் ஈரமும் குளிர்ச்சியும் திரும்பியதா என்பதை அளந்துதான் சொல்ல முடியும்.

இதுபோன்ற இடத்தில் அளக்க, முதலில் எஸ்டேட் நிர்வாகத்திடமோ வனத்துறையிடமோ அனுமதி வாங்குங்கள். அப்புறம் ஏறக்குறைய ஒரே உயரத்தில் மூன்று இடங்களைத் தேர்ந்தெடுங்கள்: மரம் நட்ட இடம், நடாமல் விட்ட சிதைந்த இடம், பக்கத்திலேயே பழைய காடு. நட்ட இடத்தில் மட்டும் அளந்தால் அந்த எண்ணை எதோடு ஒப்பிடுவது?

வெப்பம், ஈரப்பதம் இரண்டையும் தானே பதிந்துகொள்ளும் சிறிய லாகர் மூன்று போதும். வாங்கியதும் காட்டுக்கு ஓடாதீர்கள். தூள் உப்பில் சில சொட்டுத் தண்ணீர் விட்டு ஈர மணல் பதத்துக்குக் குழைத்து, ஒரு பாட்டில் மூடியில் எடுங்கள். மூன்று லாகர்களோடும் அதைக் காற்றுப் புகாத டப்பாவில் வைத்து மூடுங்கள். உப்பு லாகர் மேல் படக் கூடாது. ஓர் இரவு கழிந்தால் ஈரப்பதம் 75 சதவீதத்தில் வந்து நிற்க வேண்டும். ஒன்று 79 காட்டினால், அந்த 4-ஐ அதன் மேலேயே எழுதி ஒட்டுங்கள். கணக்குப் போடும்போது கழிக்க வேண்டும்.

வெயில் நேராகப் பட்டால் லாகர் தன் சூட்டைத்தான் காட்டும், காற்றின் சூட்டை அல்ல. பூந்தொட்டிக்கு அடியில் வைக்கும் வெள்ளைத் தட்டுகளை இடைவெளி விட்டு ஒன்றன்மேல் ஒன்றாகக் கவிழ்த்து, நடுவில் லாகரைத் தொங்க விடுங்கள். மூன்று இடத்திலும் ஒரே மாதிரிக் குடை, தரையிலிருந்து ஒரே உயரம். யானை நடக்கும் தடத்தில் மட்டும் வேண்டாம்.

அரை மணிக்கு ஒரு பதிவு போதும், நாளுக்கு 48 வரும். மாதம் ஒருமுறை போய்ப் பதிவுகளை இறக்கிக்கொள்ளுங்கள்.

சரி, எதைப் பார்ப்பது? சராசரியை நம்பாதீர்கள். திறந்தவெளி பகலில் கூடுதலாகச் சுடும், இரவில் கூடுதலாகக் குளிரும். கூட்டி வகுத்தால் காட்டின் சராசரிக்கு அருகில் வந்துவிடும். ஒவ்வொரு நாளின் உச்ச வெப்பத்தை எடுத்து மூன்று கோடுகளாக வரையுங்கள். தென்மேற்குப் பருவமழையில் மூன்றும் நெருங்கிக் கிடக்கும். பிப்ரவரி, மார்ச் வெயிலில்தான் பிரியும். அப்போது நட்ட இடத்தின் கோடு பழைய காட்டின் பக்கம் சாய்கிறதா, சிதைந்த இடத்தின் பக்கம் சாய்கிறதா என்று பாருங்கள்.