யோசனைப் பலகையில் புள்ளி எண்ணி முடிவெடுக்காதீர்கள்

போன வாரம் ஒரு புதுக் குழு மிரோ போர்டைத் (பலர் ஒரே நேரத்தில் சீட்டு ஒட்டி எழுதும் இணையப் பலகை) திறந்து யோசனை திரட்டுவதைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன். நான் தொடக்கத்தில் செய்த அதே தவறுகள், அதே வரிசையில். லிங்க் திறக்கவில்லை, மைக் வேலை செய்யவில்லை என்பதெல்லாம் இரண்டு கூட்டத்தில் சரியாகிவிடும். பணத்தைத் தின்கிற தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

எல்லோரும் பார்க்க ஓட்டுப் போடவிடுவது

இதை நினைத்தால் இன்றைக்கும் எரிச்சல் வருகிறது. ஒரு கிடங்கில் பார்சல்கள் தாமதமாகப் போய்க்கொண்டிருந்தன. என்ன செய்யலாம் என்று 14 பேரைப் போர்டில் எழுதவைத்தேன். நாற்பது சீட்டுகளுக்கு மேல் வந்தன. பிடித்ததில் ஆளுக்கொரு சிவப்புப் புள்ளி வையுங்கள் என்றேன். மேலாளரின் பெயரோடு கர்சர் நேராகப் போய் ‘புது சாஃப்ட்வேர்’ என்ற சீட்டில் நின்றது. இரண்டே நிமிடத்தில் அதன்மேல் 11 புள்ளிகள்.

கீழ் மூலையில் பேக்கிங் பிரிவு அக்கா ஒருவர் எழுதியிருந்தார்: ‘காலை ஷிஃப்டுக்கு லேபிள் பிரிண்டர் ஒன்றுதான் இருக்கு.’ அதில் ஒரு புள்ளிகூட விழவில்லை.

சாஃப்ட்வேர் வாங்கி, பயிற்சி கொடுத்து, எட்டு மாதம் ஓடியது. பிரிண்டர் முன்னால் வரிசை அப்படியே நின்றது. இன்னொரு பிரிண்டர் வாங்கிய பிறகுதான் பார்சல்கள் நேரத்துக்குக் கிளம்பின.

மிரோவிலேயே ஓட்டு வசதி இருக்கிறது. நேரம் முடியும்வரை எந்தச் சீட்டுக்கு எத்தனை விழுந்தது என்று காட்டாது. அதைப் பயன்படுத்துங்கள். அப்போதும் ஓட்டு சொல்வது எது பிடித்தது என்பதை மட்டும்தான். செலவு என்ன, யார் செய்வார், காரணம் உண்மையிலேயே அதுதானா என்பதை மறுநாள் தனியாக உட்கார்ந்து பாருங்கள்.

பெயரோடு எழுதச் சொல்வது

மேலதிகாரி இருக்கும் போர்டில் வேண்டவே வேண்டாம்.

முதல் நிமிடத்திலிருந்தே சேர்ந்து யோசிப்பது

1958இல் யேல் பல்கலைக்கழக ஆய்வு ஒன்று, நான்கு பேர் கூடிப் பேசி யோசிப்பதைவிட, தனித்தனியே யோசித்த நால்வரின் பட்டியலைச் சேர்த்தால் அதிக யோசனைகள் கிடைப்பதைக் காட்டியது. ஒருவர் பேசும்போது மற்றவர் காத்திருக்க வேண்டும், அதற்குள் மறந்துவிடும். எல்லோரும் ஒரே நேரத்தில் தட்டச்சு செய்யும்போது இந்தக் காத்திருப்பு இல்லை. ஆனால் அடுத்தவர் சீட்டைப் பார்த்ததும் நம் யோசனையும் அதே பக்கம் சாயும். முதல் பத்து நிமிடம் சீட்டுகளை மறைத்தே வையுங்கள்.

குவியலைப் பார்த்துத் திருப்தி அடைவது

2006இல் ஐபிஎம் இணையத்தில் நடத்திய பெரிய யோசனைத் திரட்டலில் சுமார் 1,50,000 பேர் கலந்துகொண்டு 46,000க்கும் மேல் பதிவுகள் இட்டார்கள். பணம் ஒதுக்கியது 10 புதுத் தொழில்களுக்கு. சலித்தெடுப்பதுதான் பெரிய வேலை. சீட்டுகளை யார் படிப்பார், எத்தனை நாளில் பதில் சொல்வார் என்று முடிவு செய்யாமல் போர்டைத் திறக்காதீர்கள்.

அந்தக் கிடங்கின் அடுத்த கூட்டத்தில் பேக்கிங் அக்கா ஒரு சீட்டும் எழுதவில்லை.