கரு தங்காதபோது மாத்திரையா, உறிஞ்சியெடுப்பதா? வன்னியில் நாம் செய்யும் தவறுகள்

ஸ்கானில் துடிப்பு இல்லை என்று வைத்தியர் சொன்ன நாளில் என் தங்கை ஒன்றும் கேட்கவில்லை. மாத்திரை தந்தார்கள், வாங்கிக்கொண்டு வந்தாள். வேறு வழியும் உண்டா என்று கேட்க அவளுக்கும் தோன்றவில்லை, கூடப் போன எனக்கும் தோன்றவில்லை. நாங்கள் செய்த முதல் தவறு அது.

வழிகள் மூன்று உண்டு. உடல் தானாகவே வெளியேற்றும்வரை சில நாட்கள் காத்திருக்கலாம். மிசோப்ரொஸ்டோல் மாத்திரையால் கருப்பையைச் சுருங்கச் செய்து வெளியேற்றலாம். அல்லது வைத்தியசாலையில் மெல்லிய குழாயால் உறிஞ்சியெடுக்கலாம். 2005இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், மாத்திரை எடுத்தவர்களில் நூற்றுக்கு 84 பேருக்கு அதுவே போதுமானதாக இருந்தது. உறிஞ்சியெடுத்தவர்களில் அது 97. மாத்திரை கெட்டது என்று இதற்குப் பொருள் இல்லை. ஆனால் மாத்திரையைத் தேர்ந்தெடுக்கும் ஆறில் ஒருவர் மறுபடியும் வைத்தியசாலைக்கு வர நேரலாம் என்பதை முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

இந்த மாத்திரையும் இந்தக் குழாயும்தான் கருக்கலைப்புக்கும் பயன்படுகின்றன. குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. இலங்கையில் 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவை, தாயின் உயிரைக் காப்பதற்காக அன்றி வேறு எதற்காகவும் கருக்கலைப்பை அனுமதிப்பதில்லை. இங்கிலாந்திலோ 10 வாரத்துக்கு உட்பட்ட கருவைக் கலைக்கும் மாத்திரைகளை வீட்டிலேயே எடுக்கச் சட்டம் இடம் தருகிறது. அங்கே இருக்கும் மச்சாள் தொலைபேசியில் அளவு சொல்ல, இங்கே ஒருத்தி அதைக் கேட்டு மாத்திரை தேடுவது ஆபத்தான வேலை. அங்கே மருந்துக்கு முன் கேள்வி கேட்கவும் பின்னால் வந்து பார்க்கவும் ஆள் இருக்கிறது. இங்கே இரகசியமாக வாங்கிய மாத்திரையில் என்ன இருக்கிறது என்றுகூட எவரும் பொறுப்பேற்பதில்லை.

தங்கையின் கதைக்கு வருகிறேன், ஏனென்றால் வன்னியில் இந்தத் தேர்வின் முடிச்சு தூரத்தில்தான் இருக்கிறது. அவள் வீடு ஒட்டுசுட்டானிலிருந்து உள்ளே காட்டோரம். மாலை ஆறு மணிக்கு, பிள்ளைக்குச் சோறு கொடுத்தபின், மாத்திரையை எடுத்தாள். இரத்தப்போக்கு சில மணி நேரத்தில் தொடங்கும், அதன் உச்சமும் அன்றிரவே வரலாம் என்று யாரும் எங்களுக்கு விளங்கப்படுத்தவில்லை. நள்ளிரவு தாண்டியபோது அவள் எழுந்து நிற்க முடியாமல் இருந்தாள். பஸ் இல்லை. யானை நிற்கும் வீதி. அயலில் ஒருவர் வானை எடுத்து வரும்வரை நான் அவளுடைய கால்களை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு இருந்தேன். விடிந்தபின் வைத்தியசாலையில் மீதியை உறிஞ்சியெடுத்தார்கள். பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

ஆகவே மாத்திரையா என்று முடிவு செய்யும்போது வாரக்கணக்கை மட்டும் பார்க்காதீர்கள். உங்கள் வீட்டிலிருந்து வைத்தியசாலைக்கு இரவில் எவ்வளவு நேரம் என்று பாருங்கள். கிளிநொச்சி நகரில் இருப்பவருக்குப் பொருந்துவது முத்தையன்கட்டில் இருப்பவருக்குப் பொருந்தாமல் போகலாம். மாத்திரைதான் வேண்டும் என்றால் வாட்டில் தங்கி எடுக்க முடியுமா என்று கேளுங்கள். வீட்டில் என்றால் காலையில் எடுக்கலாமா என்று கேளுங்கள். கூட ஒருவர் இருக்கட்டும், வாகனம் சொல்லி வையுங்கள். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் வரும் அம்பியுலன்ஸ் இலவசம். ஆனால் காட்டு வீதியில் அது வந்து சேர எடுக்கும் நேரத்தையும் கணக்கில் எடுங்கள்.

உறிஞ்சியெடுப்பது என்றதும் பலர் பயப்படுவது பழைய "வயிறு கழுவுதல்" பற்றிய கதைகளால். கூரான கருவியால் சுரண்டும் முறையைக் கைவிட்டு உறிஞ்சும் முறைக்கு மாறும்படி உலக சுகாதார நிறுவனம் பல ஆண்டுகளாகவே சொல்லி வருகிறது. வயிற்றில் வெட்டு இல்லை, தையல் இல்லை. எந்த முறை, மயக்க மருந்து உண்டா, எத்தனை மணியிலிருந்து சாப்பிடக்கூடாது என்று நேராகவே கேட்கலாம். இதைச் செய்தால் அடுத்த பிள்ளை தங்காது என்பதும், சிக்கலின்றி நடந்திருந்தால், வெறும் பயமே. இரத்தச்சோகை உள்ளவர்களுக்கு இந்த வழி நல்லதாக இருக்கலாம், ஏனென்றால் மாத்திரைக்குப் பிறகு இரத்தம் இரண்டு வாரம்வரை இழுபடக்கூடும்.

இதற்கு மறுபக்கமும் உண்டு, அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். 2009 வரையான போரில் நம் பெண்களின் உடல்களுக்கு நேர்ந்ததை நாம் அறிவோம். கால்களை விரித்துப் படுத்து அந்நியர் கை படுவதே தாங்க முடியாதவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்கள் மாத்திரையைக் கேட்பது பிடிவாதமில்லை. உறிஞ்சியெடுப்பதைத் தவிர்க்க முடியாவிட்டால், பெண் தாதி ஒருவர் பக்கத்தில் நிற்க வேண்டும் என்று கேட்கலாம். வயிற்றில் இன்னும் ஷெல் துண்டு இருப்பவர்களும், முன்பு வயிற்றுச் சத்திரசிகிச்சை செய்தவர்களும் அதை வைத்தியரிடம் மறைக்கக்கூடாது. குருதி உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்கள், கருத்தடை லூப் உள்ளவர்கள் ஆகியோரும் அப்படியே.

அவசரப்படுவதும் ஒரு தவறு. மாதவிடாய் திகதி தவறாகக் கணக்கிடப்பட்டிருந்தால் உயிருள்ள சிறிய கருவிலும் துடிப்பு தெரியாமல் போகலாம். பிறப்புறுப்பு வழியாகப் பார்க்கும் ஸ்கானில் கரு 7 மில்லிமீற்றருக்குக் குறைவாக இருந்தால், ஒன்று இரண்டு வாரம் கழித்து மறுபடியும் பார்ப்பதே முறை. கரு கருப்பைக்குள் இருக்கிறதா என்பதும் உறுதியாக வேண்டும். கருப்பைக்கு வெளியே கருக்குழாயில் தங்கிய கருவை இந்த மாத்திரையும் வெளியேற்றாது, உறிஞ்சும் குழாயும் எட்டாது. ஒரு பக்க அடிவயிற்று வலி, தோள்மூட்டு வலி, தலைசுற்றல் என்றால் அன்றே போக வேண்டும்.

எல்லாவற்றிலும் பெரிய தவறு வீட்டில் ஒளிந்து கிடப்பது. யாரோ தந்த மாத்திரையை எடுத்துவிட்டு, பொலிஸ் வரும் என்ற பயத்தில் காய்ச்சலோடு பாயில் படுத்திருப்பவர்களை எண்ணியே இதை எழுதுகிறேன். தானாகக் கலைந்த கருவுக்கும் மாத்திரையால் கலைந்த கருவுக்கும் வைத்தியம் ஒன்றே. எத்தனை வாரம், எப்போது இரத்தம் தொடங்கியது, என்ன மருந்து எடுத்தீர்கள், எதற்கு ஒவ்வாமை என்பவை தெரிந்தால் சிகிச்சை விரைவாகும். ஒரு மணி நேரத்தில் இரண்டு பெரிய நப்கின் முழுக்க நனைந்து, அடுத்த மணியிலும் அப்படியே என்றால் காத்திருக்கக் கூடாது. ஒரு நாளுக்கு மேல் காய்ச்சல், நாற்றமுள்ள கசிவு, எடுத்து ஒரு நாளாகியும் இரத்தமே வராமை, இவற்றுக்கும் அதுவே. கிராமத்துக் குடும்பநல மாதுவிடம் சொல்லலாம். வீட்டில் அடி, வற்புறுத்தல் என்றால் பல அரச வைத்தியசாலைகளில் "நட்பு நிலையம்" என்ற பிரிவு இருக்கிறது.

சில சிறிய விடயங்கள். வலிக்குப் பனடோல் மட்டும் போதாது. இபுப்ரோஃபென் கூடுதலாகக் கேட்கும், அது மாத்திரையின் வேலையையும் கெடுக்காது. ஆனால் வயிற்றுப்புண், சிறுநீரக நோய் இருந்தால் முதலில் கேளுங்கள். சிறுநீர்ப் பரிசோதனை மூன்று நான்கு வாரம்வரை நேர்மறையாகவே காட்டலாம், அதைக் கண்டு கலங்க வேண்டாம். அடுத்த முட்டை பத்து நாளிலேயே வெளிவரக்கூடும். உடனே இன்னொரு கரு வேண்டாம் என்றால் வாட்டை விட்டு வரும்போதே குடும்பத் திட்டமிடல் பற்றிக் கேளுங்கள். கிளினிக் அட்டையை மனக்கசப்பில் எறிந்துவிடாதீர்கள். அதில் உங்கள் இரத்த வகை இருக்கிறது. நெகட்டிவ் என்றால், எத்தனை வாரக் கரு என்பதைப் பொறுத்து ஊசி தேவையா என்று வைத்தியர் அதைப் பார்த்தே முடிவு செய்வார். தங்கையின் அட்டை அன்றிரவு வானில் என் கைப்பைக்குள் இருந்தது.