நாட் மாடலில் டீக்கல் மின்னாமல் இருக்க

1971 டிசம்பர் 14-இல் ஸ்ரீநகரில் வீரமரணமடைந்த பரம்வீர் சக்ரா விமானி நிர்மல்ஜித் சிங் சேகோன் நினைவாக, அவர் ஓட்டிய நாட் (Gnat) போர் விமானத்தின் மாடல் செய்கிறீர்களா? 1/72 அளவில் இறக்கை முனைக்கு முனை 9.3 செ.மீ.தான், சின்னக் குறையும் பளிச்சென்று தெரியும். உடலை ஒட்டி மூடும் முன்பே மூக்குக்குள் தூண்டில் ஈயக்குண்டு வையுங்கள். இல்லாவிட்டால் வால் தரையில் உட்கார்ந்துவிடும்.

மேட் (பளபளப்பில்லாத) பெயின்ட் மேல் நேரடியாக டீக்கல் (நீரில் நனைத்து ஒட்டும் மெல்லிய சின்னம்) ஒட்டினால், சொரசொரப்பில் காற்று சிக்கி வெள்ளி மாதிரி மின்னும். முதலில் கிளாஸ் (gloss) கிளியர், அதாவது பளபளப்பான நிறமற்ற பூச்சு. ஒரு நாள் காயவிட்டு டீக்கல். சென்னைக்காரர்களுக்குச் சோதனையே கடைசி மேட் கோட்டில்தான்: ஐப்பசி, கார்த்திகை ஈரக்காற்றில் லாக்கர் ஸ்ப்ரே வெண்படலமாகப் பூத்துவிடும். வெயிலடிக்கும் நாளாகப் பார்த்து, நண்பகலில், 20 செ.மீ. தள்ளிப் பிடித்து மெல்லிசாக இரண்டு கோட் அடியுங்கள். பூத்துவிட்டால் தேய்க்க வேண்டாம்; வறண்ட நாளில் மேலே ஒரு கோட் கிளாஸ் அடித்தாலே பெரும்பாலும் மறைந்துவிடும்.