ஆமையைத் தூக்கும் முன் காலைப் பாருங்கள்

போன ஐப்பசியில், மழை ஓய்ந்த ஒரு காலை. சேலம் கன்னங்குறிச்சியில் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு வீடு தள்ளி இருக்கும் பையன் ஓடி வந்து, "அண்ணா, ஆமை பிடிச்சிருக்கோம், வந்து பாருங்க" என்றான். போய்ப் பார்த்தால் பிளாஸ்டிக் வாளியில் முக்கால் அளவு தண்ணீர், அதற்குள் ஒரு நட்சத்திர ஆமை. முன்னங்கால் இரண்டும் வாளியின் பக்கத்தில் வழுக்கி வழுக்கி இறங்க, மூக்கை மட்டும் மேலே நீட்டிக்கொண்டு தத்தளித்தது. "சாயங்காலம் மூக்கனேரியில விட்டுடலாம்னு இருக்கோம்" என்றார் அவன் அம்மா. நல்ல மனசோடுதான் சொன்னார். அப்படி விட்டிருந்தால் அது மூழ்கிச் செத்திருக்கும்.

ஆமை என்றாலே தண்ணீரில் வாழும் என்ற நினைப்பு நமக்கு ஊறிப்போயிருக்கிறது. நட்சத்திர ஆமை நில ஆமை. நில ஆமைக்கு நீந்தத் தெரியாது. அதற்கும் நுரையீரல்தான், செவுள் கிடையாது. ஆழமில்லாத தட்டில் தண்ணீர் வைத்தால் குடிக்கும், இறங்கி நனைந்துகொள்ளும், அவ்வளவுதான். ஏரியிலோ கிணற்றிலோ போட்டால் கனமான ஓடு கீழே இழுத்துவிடும். புண்ணியம் என்று நினைத்துக் கோயில் குளத்தில் விடுகிறவர்களும் இதே தவற்றைத்தான் செய்கிறார்கள்.

அந்த ஆமையை வாளியிலிருந்து எடுத்துத் தரையில் வைத்து, பையனிடம் காலைக் காட்டினேன். யானைக் காலின் குட்டி வடிவம் அது. பாதம் என்று தனியாக ஒன்றும் இல்லை; உருண்டையான தூண் நேராக வந்து தரையில் முடிகிறது, நுனியில் மழுங்கிய நகங்கள். முன்னங்காலின் வெளிப்பக்கம் கரடுமுரடான செதில்கள், தொட்டால் பாகற்காய்த் தோல் மாதிரி இருக்கும். விரல்களுக்கு நடுவே சவ்வு இல்லை. குளத்து ஆமையின் கால் வேறு. தட்டையாக, விரல் பிரிந்து, விரல்களுக்கு இடையில் வாத்துக்கால் போலச் சவ்வு இருக்கும். கடலாமைக்குக் கால் என்பதே துடுப்பு. ஓட்டின் நிறத்தையும் வடிவத்தையும் பார்த்துக் குழம்ப வேண்டாம், காலைப் பார்த்தால் போதும்.

இதன் மறுபக்கத் தவறும் அதே அளவுக்கு நடக்கிறது. நிலத்தில் நடக்கிற ஆமையெல்லாம் நில ஆமை என்று முடிவு கட்டிவிடுகிறோம். கோடையில் ஏரி வற்றியதும் வண்டல் மண் அள்ள ஜேசிபி இறங்கும். இரண்டு மூன்று அடி தோண்டியதும் சேற்றோடு சேர்ந்து பாலாமை என்கிற நன்னீர் ஆமை வெளியே விழும். தோல் போர்த்தியது போன்ற வழுவழுப்பான ஓடு, குழாய் மாதிரி நீண்ட மூக்கு, பின்னங்காலை உள்ளே இழுத்துக்கொண்டதும் கதவு மாதிரி மூடிக்கொள்ளும் தோல் மடிப்பு, இதுதான் அடையாளம். நீர் வற்றியதும் ஈரச் சேற்றுக்குள் புதைந்து, அடுத்த மழை வரை அசையாமல் கிடந்து பிழைப்பது அதன் வழக்கம். செத்துவிட்டது என்று தூக்கி எறிகிறார்கள். இல்லையென்றால் "பாவம், தண்ணீர் இல்லாத ஆமை" என்று பக்கத்துக் கரட்டில் கொண்டுபோய் விடுகிறார்கள். பாறையும் முள்ளும் உள்ள கரட்டு வெயிலில் அது காய்ந்தே போகும். தோண்டாத பக்கமாக ஈரச் சேறு இருந்தால் அங்கே விடுங்கள், அல்லது அருகில் நீர் உள்ள குளத்தின் கரையில் விடுங்கள்.

முதுகில் நீளவாக்கில் மூன்று வரம்பு ஓடும் கறுத்த நிற ஆமை ஒன்றும் உண்டு. ஓடு கெட்டியாக இருப்பதால் பலரும் அதை நில ஆமை என்றே நினைக்கிறார்கள். அதுவும் நன்னீர் ஆமைதான்.

குழப்பத்தில் பாதி ஆங்கிலச் சொற்களால் வருகிறது. டர்ட்டில் என்றால் கடலாமை, டார்ட்டாய்ஸ் என்றால் மற்றது என்று பள்ளியில் மனப்பாடம் செய்கிறோம். சேலத்தில் கடல் இல்லை, ஆகவே இங்கே இருப்பதெல்லாம் டார்ட்டாய்ஸ் என்று பிள்ளைகள் முடிவு செய்வதில் என்ன தவறு? நடுவில் இருக்கிற நன்னீர் ஆமை அப்படியே காணாமல் போய்விடுகிறது. உயிரியலில் எல்லா ஆமையும் ஒரே வரிசை, நில ஆமைகள் அதற்குள் ஒரு குடும்பம். அமெரிக்காவில் அந்த வரிசை முழுவதையும் டர்ட்டில் என்றே சொல்வார்கள். தமிழில் நமக்கு இந்தச் சிக்கலே வேண்டாம். ஆமை என்ற ஒரு சொல்லுக்கு முன்னால் கடல், நன்னீர், நிலம் என்று வாழும் இடத்தைச் சேர்த்துச் சொன்னால் தெளிவாக இருக்கிறது. பிள்ளைகளுக்கு அப்படியே சொல்லிக்கொடுங்கள்.

அடுத்தது, கலர்மீன் கடையில் வாங்கும் குட்டி ஆமை. கண்ணுக்குப் பின்னால் சிவப்புப் பட்டை, பச்சை ஓடு, உள்ளங்கைக்குள் அடங்கும். அது அமெரிக்காவின் தென்பகுதியைச் சேர்ந்த நன்னீர் ஆமை. "இதே அளவில்தான் இருக்கும்" என்று சொல்லி விற்பதை நானே கேட்டிருக்கிறேன். அது பொய். ஓடு 25 சென்டிமீட்டருக்கு மேலும் வளரும், 20 ஆண்டுக்கு மேல் வாழும். தரையில் விட்டுச் சோறு போடுவது இன்னொரு தவறு, அது தண்ணீருக்குள்தான் விழுங்கும். தொட்டி போதாமல் போனதும் எல்லாரும் செய்வது ஏரியில் விடுவது. உலகின் மிக மோசமான 100 ஊடுருவும் உயிரினங்களின் பட்டியலில் இருக்கிற ஆமை இது. நம்மூர் ஆமையின் இரையையும் வெயில் காயும் இடத்தையும் பறித்துக்கொள்ளும். மூக்கனேரியாக இருந்தாலும் ஏற்காடு ஏரியாக இருந்தாலும் தயவுசெய்து விடாதீர்கள். வாங்காமல் இருப்பது அதைவிட நல்லது.

நட்சத்திர ஆமையை "வீட்டில் இருந்தால் அதிர்ஷ்டம்" என்று வளர்ப்பவர்கள் உண்டு. அது குற்றம். 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில், 2022 திருத்தத்துக்குப் பிறகு அது முதல் அட்டவணையில் இருக்கிறது. 2019 முதல் உலக அளவிலும் அதன் வணிகம் தடை செய்யப்பட்டிருக்கிறது. பாலாமையும் முதல் அட்டவணைதான். வீட்டில் வைத்திருப்பவர்கள் பாலும் சோறும் பிரெட்டும் போடுகிறார்கள். புல், இலை, பூ, சப்பாத்திக்கள்ளிப் பழம் என்று தின்று வளரும் உயிருக்கு அதனால் ஓடு மேடு மேடாகக் கோணிப்போகிறது. மாட்டிக்கொள்வோமோ என்று பயந்து காரில் கொண்டுபோய் ஏற்காட்டில் விடுவதும் தவறு. காடு என்றால் எல்லாம் ஒரே காடு இல்லை. 1,500 மீட்டர் உயரத்துக் குளிரும் மூடுபனியும் வறண்ட புதர்க்காட்டு ஆமைக்கு ஒத்துவராது. வன அலுவலகத்தில் ஒப்படைப்பதே வழி. அந்த வாளி ஆமையையும் அப்படித்தான் செய்தோம். போன் செய்ததும் வனத்துறையினர் வந்து, துணி விரித்த அட்டைப்பெட்டியில் எடுத்துச் சென்றார்கள்.

ஓடு ஒரு வீடு, ஆமை உள்ளே குடியிருக்கிறது என்று நினைப்பதால் வரும் கொடுமைகள் தனி. முதுகெலும்பும் விலா எலும்பும் சேர்ந்துதான் ஓடாகியிருக்கின்றன. அதைக் கழற்ற முடியாது, தொட்டாலும் ஆமைக்குத் தெரியும். ஓட்டில் துளை போட்டுக் கயிறு கட்டுவது எலும்பைத் துளைப்பது. பெயின்ட் அடித்துப் பேர் எழுதுவதும் வேண்டாம். மல்லாக்கப் போட்டு வேடிக்கை பார்ப்பதும் வேண்டாம்: நுரையீரல் மேல் ஓட்டை ஒட்டி இருக்கிறது, கவிழ்த்தால் குடலின் எடை முழுவதும் அதன்மேல் அழுத்தும். வண்டி ஏறி ஓடு விரிசல் விட்ட ஆமை செத்துவிட்டது என்று விட்டுப் போகாதீர்கள். பசை போட்டு ஒட்டவும் வேண்டாம், உள்ளே சீழ் பிடிக்கும். சுத்தமான துணியில் சுற்றிக் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோனால் பிழைப்பதற்கு வாய்ப்பிருக்கிறது.

"ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும்" என்று பழமொழி சொல்லி, மழை நாளில் வாசலுக்கு வந்த பாலாமையைக் கட்டையால் தள்ளுகிறவர்களும் இருக்கிறார்கள். ஏரியை ஒட்டி வீடு கட்டியிருக்கிறோம், தண்ணீர் ஏறியதும் அது வருகிறது. தவளை, நத்தை, செத்த மீன் என்று தின்று குளத்தைச் சுத்தமாக வைத்திருப்பது அதுதான்.

அப்புறம், சாலையைக் கடக்கும் ஆமையைப் பார்த்தால் வந்த பக்கமே திருப்பி விடாதீர்கள். நம்மூர் ஆமை எதுவானாலும் முட்டையிட நிலத்துக்குத்தான் வர வேண்டும். ஏரியிலிருந்து வெளியே போவது வழி தவறியதாக இருக்காது, முட்டையிட இடம் தேடிப் போவதாக இருக்கலாம். அது எந்தத் திசையில் போகிறதோ அதே திசையில், சாலைக்கு அந்தப் பக்கம் வையுங்கள். இரண்டு கைகளாலும் ஓட்டின் இரு பக்கமும் பிடித்து, தரையை ஒட்டியே தூக்குங்கள். பாலாமை என்றால் பின்பக்கமாகப் பிடியுங்கள். கழுத்து நாம் நினைப்பதைவிட நீளம், திரும்பிக் கடித்துவிடும். வைத்த பிறகு சோப்பு போட்டுக் கை கழுவுங்கள்.